மொட்டை மாடியிலிருந்து: பதினைந்து நாள் தவணை

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் ராயபுரத்துத் தெருவில் மாடிக்கு மாடி ஒரு பழைய வேட்டி விரிந்துவிடும். வேட்டியின்மேல் வடாம். வடாத்துக்குக் காவலாக ஒரு கறுப்புக் குடை. குடைக்குக் கீழே, கையில் ஒரு குச்சியுடன், காக்கையைப் பார்த்துச் 'சூ' சொல்வதற்கு ஒரு பெண்பிள்ளை. எங்கள் வீட்டில் வருஷா வருஷம் இந்த உத்தியோகம் எனக்குத்தான். சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது, காக்கையையே பார்த்துக் கொண்டிருந்த கண் கொஞ்சம் மேலே போயிற்று. மின்சாரக் கம்பியில் வரிசையாக இருபது முப்பது சின்னக் குருவிகள். முதுகு நீலம் கலந்த கறுப்பு. வால் கத்தரிக்கோல் மாதிரி பிளந்திருந்தது. கம்பியை விட்டுக் கிளம்பும். காற்றில் ஒரு வட்டம் போடும். வந்து பழைய இடத்திலேயே உட்காரும். மறுநாளும் இருந்தன. அதற்கு மறுநாளும் இருந்தன. சித்திரை பிறந்து சில நாளானபின் பார்த்தால் கம்பி வெறுமையாகக் கிடந்தது. எங்கே போயின என்று கேட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "கம்பியிலே குருவி இல்லாவிட்டால் என்ன? கரண்டு இருக்கிறதோ இல்லையோ?" என்றார் இவர்.

மூன்றாம் வீட்டு டீச்சர் அக்காதான் விஷயத்தைச் சொன்னார். அதற்குத் தகைவிலான் என்று பெயராம். குளிருக்கு நம்மிடம் வந்துவிட்டு, வெயில் ஏறியதும் இமயமலைப் பக்கமும் அதற்கு அப்பாலும் போய்க் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்குமாம். புரட்டாசி, ஐப்பசியில் திரும்பி வருமாம். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவர், சந்தேகப்பட முடியுமா? ஆனால் எந்தத் தேதியில் கம்பி காலியாயிற்று என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தினமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கே தெரியவில்லை!

அன்று மாலையே ஒரு நோட்டு எடுத்தேன். பாக்கெட் பால் வந்த பிறகு வேலையில்லாமல் கிடந்த பால் கணக்கு நோட்டு. தேதி, நேரம், என்ன பார்த்தேன், எத்தனை என்று எழுத ஆரம்பித்தேன். இப்போது அந்த நோட்டுக்கு நாங்கள் ஐந்து பேர் பங்காளிகள். டீச்சர் அக்கா; காலேஜில் படிக்கும் அவருடைய பேத்தி; வீட்டில் தெலுங்கு பேசும் எதிர்வீட்டு அம்மாள்; பின்சந்து ஓட்டு வீட்டு மீன்கார ஆயா; அப்புறம் நான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மாடியில் சபை கூடும். ஒரு செம்பு மோர், ஒரு தட்டுச் சுண்டல், நடுவில் நோட்டு.

ஆயாவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லுவார், நான் எழுதுவேன். ஆனால் எங்கள் ஐந்து பேரில் கண் கூர்மை அவருக்குத்தான். விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேட்டில் ஏலத்துக்கு நின்று, அரை இருட்டில், வஞ்சிரமா மாவுலாசியா என்று கண்டு சொல்கிற கண் அது. பறவை விஷயத்தில் ஏமாறுமா?

சென்ற மாதம் மாம்பலத்து வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: "உங்கள் பக்கத்தில் காக்கையையும் பருந்தையும் விட்டால் வேறென்ன இருக்கிறது? பறவை பார்க்க வேண்டுமானால் வேடந்தாங்கலுக்கல்லவா போக வேண்டும்?"

போகட்டும், நன்றாகப் போய்ப் பார்க்கட்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேடந்தாங்கலில் பறவையை எண்ணுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் தெருவில் இருப்பதை நாங்கள் எண்ணாவிட்டால் யாரும் எண்ணப் போவதில்லை. மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல், 1996-இல் காலமாகும் வரையில், இயற்கையைப் பற்றி விடாமல் எழுதிவந்தார். காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே கையால் வீட்டுப் பின்கட்டுக் காக்கையையும் அணிலையும் பற்றி எழுதினார். காக்கை என்றால் இளப்பம் என்று அவர் நினைக்கவில்லை. நாமா நினைப்பது?

அதற்காகக் காக்கையோடு நின்றுவிட்டோம் என்றும் எண்ணிவிடாதீர்கள். இந்த வருஷம் எங்கள் நோட்டில் முதல் இடம் காசிமேட்டுக் கடற்காகத்துக்கு.

பெயர்தான் காகம், பார்த்தால் காகமென்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெள்ளை உடம்பு, சாம்பல் நிற முதுகு, சிவந்த கால், சிவந்த மூக்கு. இறக்கையின் நுனி மட்டும் கறுப்பு. கடற்புறா என்று சொல்கிறவர்களும் உண்டு. சாண்டில்யன் கதையிலே கப்பலுக்கு அந்தப் பெயர் வைத்த பிறகு அதற்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது. ஐப்பசி வாக்கில் வரும். விசைப்படகு திரும்பும்போது பின்னாலேயே கூட்டமாக வந்து, வலையிலிருந்து உதறுகிற பொடி மீனுக்குச் சண்டை போடும். இதன் பெயர் புத்தகத்தில் பழுப்புத்தலைக் கடற்காகம் என்று போட்டிருக்கிறது. ஆனால் மார்கழியிலும் தையிலும் பார்த்தால் தலை வெள்ளை வெளேரென்று இருக்கிறது. காதுக்குப் பின்னால் ஒரு மைப்பொட்டுதான். புத்தகம் எழுதினவர் கண்ணாடி போட மறந்துவிட்டாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

மார்ச் மாதம் இரண்டாவது வாரத்தில் ஆயா சபைக்கு வந்து உட்கார்ந்ததும் சொன்னார்: "மூக்குச் செவந்ததுங்க எல்லாம் தலைக்கு மை போட ஆரம்பிச்சுடுச்சும்மா."

நாங்கள் சிரித்தோம். அடுத்த சனிக்கிழமை டீச்சர் அக்காவின் பேத்தி தூரதிருஷ்டிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஆயாவுடன் காசிமேட்டுக்குப் போனாள். ஆயா சொன்னது அப்பட்டமான நிஜம். சில பறவைகளுக்குக் கன்னத்தில் பழுப்புத் திட்டு. சிலவற்றுக்குப் பாதித் தலை. இரண்டு மூன்றுக்குக் கழுத்து வரையில் காப்பிக்கொட்டை நிறம், குல்லாய் போட்டாற்போல. குளிர்காலம் முழுதும் வெள்ளைத் தலையோடு இருந்துவிட்டு, ஊருக்குப் போகும் சமயம் வந்ததும் இறகு மாற்றிக்கொண்டு கல்யாணக் களை கட்டிக்கொள்கின்றன. ஊர் எது தெரியுமோ? லடாக், திபெத் மேட்டு நிலத்து ஏரிகள். அங்கேதான் கூடு, முட்டை, சம்சாரம் எல்லாம். நம் காசிமேடு அவற்றுக்குக் குளிர்கால லாட்ஜ்!

ஏப்ரல் முதல் வாரத்தில் முக்கால்வாசிக்குத் தலை பழுத்துவிட்டது. ஏப்ரல் 19-இல் ஆயா எண்ணியது ஒன்பது. அதற்கடுத்த வாரம் மூன்று. மூன்றுமே இளசுகள், இந்த வருஷம் கல்யாணத்துக்குத் தயாராகாதவை. அப்படிப்பட்டவற்றில் ஒன்றிரண்டு கோடையிலும் இங்கேயே தங்கிவிடுவது உண்டாம். பல வருஷமாக அந்தத் துறைமுகத்தில் மீன் வாங்குகிற எத்தனையோ பேர் பார்த்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பார்த்ததைச் சொன்னவர் எங்கள் ஆயாதான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாசி கடைசியிலேயே பழைய ராபின்சன் பூங்காப் பக்கம் குயில் தொண்டையைத் திறந்துவிட்டது. (1949-இல் ஒரு பெரிய கட்சி பிறந்த இடமல்லவா? அங்கே உரக்கப் பேசுவது குயிலுக்கும் பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது.) மடையான் கொக்கு முதுகில் மெரூன் போர்வை போர்த்திக்கொண்டது. உண்ணிக்கொக்குக்குத் தலையிலும் மார்பிலும் மஞ்சள் பூசினாற்போல நிறம் ஏறியது. சூறைக்குருவிக் கூட்டம் ஒன்று, ரோஜாவும் கறுப்புமாக, மார்ச் 22 சாயங்காலம் வண்ணாரப்பேட்டைப் பக்கமாகப் பறந்தது. எண்ண முடியவில்லை, 'நூற்றுக்கு மேல்' என்று எழுதினோம். பட்டறைத் தெரு வேப்பமரத்தில் காக்கை கட்டிய கூட்டில் பாதிக்குப் பாதி கட்டுக்கம்பி. எங்கள் பேட்டையில் சுள்ளியைவிடக் கம்பிதானே சுலபமாகக் கிடைக்கிறது!

எங்கள் சபையில் சண்டை வராது என்று நினைக்காதீர்கள். எதிர்வீட்டு அம்மாள் ஒரு நாள் கழுகு பார்த்ததாகச் சொன்னார். இல்லை, கரும்பருந்துதான் என்றார் டீச்சர் அக்கா. "எனக்குக் கழுகு தெரியாதா?" என்று அவர் கேட்க, "வால் கவடு விட்டிருந்ததா, இல்லையா?" என்று இவர் கேட்க, மோர் செம்பு காலியாகும் வரையில் வாதம் நடந்தது. வால் கவடு விட்டிருந்தால் கரும்பருந்து. அது எங்களுக்கு மீன் மார்க்கெட் பருந்து. கடைசியில் பேத்தி ஒரு சட்டம் கொண்டுவந்தாள். நிச்சயமாகத் தெரியாததைப் பெயர் போட்டு எழுதக்கூடாது. 'பெரிய பருந்து ஜாதி, பெயர் தெரியவில்லை' என்று எழுத வேண்டும். இன்னொரு சட்டமும் அப்போதே சேர்த்தாள். தேடிப் போய்க் காணவில்லையென்றால் 'இல்லை' என்று எழுத வேண்டும். இல்லை என்பதும் ஒரு செய்திதான் என்றாள். பதினெட்டு வயசுப் பெண் சொல்லி, நாங்கள் கிழங்கள் கட்டுப்பட்டோம்.

எதிர்வீட்டு அம்மாளுக்கு அன்றைக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். அதைத் தீர்ப்பதற்காகவே டீச்சர் அக்கா அடுத்த வாரம் ஒரு கதை கொண்டுவந்தார். கதை என்றேன், நடந்த சங்கதி. எங்கள் ராயபுரத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற புனித ஜார்ஜ் கோட்டையில், முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எட்வர்ட் பக்லி என்று ஒரு வைத்தியர் இருந்தார். கோட்டையைச் சுற்றி இருந்த பறவைகள் 22-ஐப் படமெழுதி, குறிப்பெழுதி லண்டனுக்கு அனுப்பினார். அது 1713-இல் ஜான் ரே என்பவரின் புத்தகத்தில் அச்சாயிற்று. இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சான மிகப் பழைய பட்டியல்களில் அது ஒன்று. அதில் ஒரு பறவைக்கு, இங்கே தெலுங்கு பேசியவர்கள் சொன்னபடி, 'பிட்ட' என்று பெயர் எழுதியிருக்கிறது. தெலுங்கில் பிட்ட என்றால் சின்னக் குருவி. பிற்பாடு உலகத்துப் பறவை சாஸ்திரிகள் அந்தச் சொல்லையே எடுத்து அந்த இனத்துக்கெல்லாம் பெயராக வைத்துவிட்டார்கள். நம் ஊரில் ஆறுமணிக்குருவி என்கிறோமே, பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் குட்டை வாலுமாக, அதுதான்.

"அப்படியானால் எங்கள் பாஷை லண்டன் வரைக்கும் போயிருக்கிறதா?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டார். அதற்குப் பிறகு அவர் கரும்பருந்தைக் கரும்பருந்து என்றே சொல்கிறார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ரயிலேறி எண்ணூருக்குப் போய்வந்தோம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் கழிமுகம். நெடுங்கால் உள்ளான், பவளக்காலி, சேற்றில் ஓடி ஓடிப் பொறுக்கும் கொசு உள்ளான் எல்லாம் இருந்தன. அவற்றில் பலவும் புறப்படும் அவசரத்தில் வயிற்றை நிரப்பிக் கொண்டிருந்தன. பின்னால் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இந்த முகத்துவாரம் முழுதும் படிந்தபோது, கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்துப் பறந்த படங்களை நீங்களும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். நாங்கள் போன அன்று பதினொரு கூழைக்கடா. பதினொன்றும் வெளுப்பாகத்தான் இருந்தன. ஆயா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஆயா குடியிருந்த பின்சந்து வீடு பழைய நாட்டு ஓட்டு வீடு. வாசலில் ஒரு திண்ணை. திண்ணைக்கு மேலே, சுவரும் உத்தரமும் சேருகிற இடத்தில் ஒரு பொந்து. அந்தப் பொந்தில் சிட்டுக்குருவி குடியிருந்தது. ஆயா வாடகை கொடுத்துக் கொண்டிருந்தார், குருவி கொடுக்கவில்லை, மற்றபடி இரண்டு பேருக்கும் ஒரே அந்தஸ்துதான். வீட்டுக்காரர் காலமான பிறகு பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கினவர் இடித்து நாலு மாடி கட்டப் போகிறார். ஆயாவைப் பங்குனி முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். முப்பத்தொரு வருஷம் இருந்த வீடு. அவர் எங்களிடம் அதைப் பற்றி இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசவில்லை. தண்டையார்பேட்டையில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்.

குருவிக் கணக்கு மட்டும் தவறாமல் சொல்லி வந்தார். மார்ச் 6: பெட்டை வைக்கோல் கொண்டு போனது, ஆணின் தொண்டைக் கறுப்பு நன்றாகப் பரந்திருந்தது. மார்ச் 12: பேத்தி நாற்காலி போட்டு ஏறிக் கைபேசியில் படம் எடுத்தாள், முட்டை நாலு. மார்ச் 25: உள்ளே 'கீச் கீச்' சத்தம், ஆணும் பெட்டையும் மாறி மாறிப் புழு கொண்டு வந்தன.

மார்ச் 26 சாயங்காலம் ஆயா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நாளைக் காலையில் மேஸ்திரி ஆளோடு வருகிறாராம்.

"என்னைப் பத்திப் பேச வாணாம்மா. எனக்குக் கால் கீது, எங்கனா பூடுவேன். அதுக்கு இன்னும் றெக்கை மொளைக்கலியே" என்றார்.

அன்றிரவு டீச்சர் அக்கா நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். சிட்டுக்குருவி முட்டை பொரிய ஏறக்குறைய 11 முதல் 14 நாள். எங்கள் நோட்டில் 13. பொரித்த குஞ்சு பறந்து வெளியேற இன்னும் ஏறக்குறைய இரண்டு வாரம். ஆக, ஏப்ரல் 9 அல்லது 10.

காலையில் நாங்கள் ஐந்து பேரும் சந்து முனையில் நின்றோம். மேஸ்திரி நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்கு வேலை, கூலி, லாரி எல்லாம் இருக்கிறதே!

"இன்னாம்மா, குருவிக்கோசரம் வேலையை நிறுத்தச் சொல்றீங்களா?"

"நிறுத்த வேண்டாம், மேஸ்திரி. பின்கட்டிலிருந்து ஆரம்பியுங்கள். வாசல் திண்ணைக் கூரையை மட்டும் கடைசியில் பிரியுங்கள்" என்றார் டீச்சர் அக்கா.

"கடைசின்னா எப்போ? கொஞ்ச நாள், கொஞ்ச நாள்னு சொல்லுவீங்க. அப்புறம் மழை வந்துடும்."

"ஏப்ரல் 10. பதினைந்து நாள். பதினோராம் தேதி காலையில் நாங்களே வந்து பிரியச் சொல்கிறோம்."

மேஸ்திரி நோட்டை வாங்கிப் பார்த்தார். முட்டை வைத்த தேதி, குஞ்சு கத்திய தேதி, எல்லாம் பால் கணக்குக் கட்டங்களுக்குள்ளே வரிசையாக இருந்தன. வீட்டை வாங்கினவருக்குப் போன் செய்தார். என்ன பேசினார்களோ தெரியாது. போனை வைத்துவிட்டு, "தேதி சொன்னீங்களே, அதனாலே ஒத்துக்கிட்டாரு" என்றார். நாங்கள் வெறுமனே 'ஐயோ பாவம், குருவி' என்று நின்றிருந்தால் மத்தியானத்துக்குள் திண்ணை தரைமட்டமாகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தப் பதினைந்து நாளும் எங்களுக்கு வயிற்றில் நெருப்புத்தான். பின்கட்டில் கடப்பாரைச் சத்தம். சந்து முழுதும் புழுதி. குருவி கூட்டை விட்டு ஓடிவிடுமோ என்று பயம். ஓடவில்லை. கடப்பாரை ஓய்ந்த நேரம் பார்த்து உள்ளே போயிற்று. ஏப்ரல் 3-ஆம் தேதி ஒரு குஞ்சு கீழே விழுந்து இறந்து கிடந்தது. வெயிலா, அதிர்ச்சியா, தெரியவில்லை. ஆயா அதைக் காகிதத்தில் சுற்றி முருங்கைமரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, "மூணுன்னு எழுதிக்கோ" என்றார். ஏப்ரல் 8-இல் இரண்டு பறந்தன; 9-ஆம் தேதி மத்தியானம் மூன்றாவதும் போயிற்று. பத்தாம் தேதி திண்ணையில் உட்கார்ந்து ஆயா கடைசியாக வெற்றிலை போட்டார். பதினோராம் தேதி திண்ணை இல்லை.

சிட்டுக்குருவி அடியோடு அழிந்துவிட்டது என்று நம்மில் பலர் சொல்கிறோம். அது சரியில்லை. நாடெங்கும் பறவை பார்ப்பவர்கள் 15,500 பேர் அனுப்பிய ஒரு கோடிக்கு மேற்பட்ட குறிப்புகளை வைத்து 2020-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றி ஓர் அறிக்கை வந்தது. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவி 25 வருஷமாக ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது என்று அதில் கண்டார்கள், குறைந்திருப்பது பெருநகரங்களில், சென்னையும் அதில் சேர்த்தி. கைபேசிக் கோபுரத்தின்மேல் பழி போடுகிறோமே, அதற்குச் சரியான சான்று கிடைக்கவில்லை. குஞ்சுக்குப் புழு பூச்சி வேண்டும். கூட்டுக்குப் பொந்து வேண்டும். அரிசி நொய் தாராளமாகப் போடுகிறோம். ஆனால் குஞ்சுக்கு முதல் சில நாள் தானியம் ஆகாது. எங்கள் பக்கத்தில் ராயபுரம், மண்ணடி, முத்தியால்பேட்டைச் சந்துகளில் பழைய வீடும், மளிகை மண்டியும், ஒன்றிரண்டு முருங்கையும் மிச்சமிருப்பதால் குருவியும் மிச்சமிருக்கிறது. எத்தனை வருஷத்துக்கு என்பது இடிக்கிற வேகத்தைப் பொறுத்தது.

அதனால்தான் கூட்டுப்பெட்டி வைக்கிறார்கள். வடசென்னையிலேயே 'கூடுகள்' என்ற அறக்கட்டளை பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு மரக்கூடுகள் செய்யவைத்து வீடுகளில் மாட்டுகிறது; 2024 நவம்பரில் பிரதமரின் வானொலி உரையில்கூட அதைச் சொன்னார்கள், நாலு வருஷத்தில் பத்தாயிரம் கூடு என்று. நாங்களும் ஆசாரியிடம் சொல்லி இரண்டு பெட்டி செய்தோம். வாசல் துவாரம் 32 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அதற்கு மேல் பெரிதானால் மைனா நுழைந்துவிடும். வெயில் நேரே படாத சுவரில், பூனைக்கு எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டும். ஒன்று எங்கள் வராந்தாவில். இன்னொன்று டீச்சர் அக்கா வீட்டில்.

ஆயாவின் திண்ணைக் குருவிகளோ என்னவோ, ஒரு ஜோடி ஏப்ரல் 17-இல் எங்கள் பெட்டியை வந்து பார்த்தது. ஆண் உள்ளே தலையை நீட்டியது; பெட்டை வெளியே நின்று யோசித்தது. கல்யாணத்துக்கு வரன் பார்க்க வந்தவர்கள் மாதிரி பதில் சொல்லாமலே போய்விட்டன. 24-ஆம் தேதி பார்த்தால், டீச்சர் அக்கா வீட்டு மின்சார மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற சந்தில் வைக்கோல் தொங்குகிறது. பக்கத்திலேயே நாங்கள் காசு கொடுத்துச் செய்த பெட்டி காலியாக இருக்கிறது! "நாம் சொல்கிற இடத்தில் இருக்க அது என்ன மருமகளா?" என்றார் இவர். (இவருடைய தாயார் அப்போது பக்கத்தில் இல்லை.)

உங்கள் தெருவில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். பொங்கல் சமயத்தில் வருஷாவருஷம், 2015 முதல், தமிழ்நாடு முழுதும் பறவை எண்ணுகிறார்கள். ஓர் இடத்தில் 15 நிமிஷம் நின்று பார்த்ததை 'இ-பேர்டு' என்ற கைபேசிப் பதிவேட்டில் ஏற்றினால் சேர்ந்துவிடும். எங்கள் நோட்டையும் பேத்தி வாராவாரம் அதில் ஏற்றிவிடுகிறாள். கைபேசி வராதவர்கள் பால் கணக்கு நோட்டில் எழுதலாம். கூட்டிலே முட்டை இருக்கும்போது கிட்டே போய்க் கிட்டே போய்ப் பார்க்காதீர்கள்; ஒரு தடவை படமெடுத்ததே எங்களுக்கு உறுத்தியது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சபைக்கு ஆயாவால் வர முடியவில்லை, பஸ்ஸில் கூட்டமாம். மகளின் போனில் கூப்பிட்டார். காசிமேட்டுக் கணக்கைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"இங்க மூணாவது மாடிம்மா. காலைல ரெண்டு மைனா. புறா நெறைய. ஒரு பச்சைக்கிளி கத்திக்கினே போச்சு. ஒரு வாரமா வாசல்ல ஒக்காந்து பாக்கறேன், சிட்டு இல்ல."

நான் பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினேன்.

"எழுதிக்கினியா?" என்று கேட்டார். "தண்டையார்பேட்டைன்னு தனியாக் கோடு போட்டு எழுது. சிட்டு, இல்ல."

போட்டேன்.